இரசாயனச் சமன்பாட்டைப் பார்த்து இது எந்த வகைத் தாக்கம் எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

சாதாரண தரத்துக்குப் படிக்கிற தங்கச்சி ஒராள் கேட்டிருக்கிறா. சேர்க்கை, பிரிகை, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி எண்டு நாலு வகையும் வரைவிலக்கணத்தோட பாடமாம், ஆனா பேப்பரில ஒரு சமன்பாட்டைக் குடுத்து இது எந்த வகை எண்டு கேட்டால் குழம்பிப் போடுறாவாம். எரியிறது தனி வகையோ, சுண்ணாம்பு நீருக்கை காபனீரொட்சைட்டு விடுறது எதுக்குள்ள வரும், இந்த ரெண்டும்தான் கூடக் குழப்பமாம்.

தங்கச்சி, உங்களுக்கு மட்டுமில்லை இந்தக் குழப்பம், நான் கன வருசமாய் ரியூசனில பாக்கிறன், கெட்டிக்காரப் பிள்ளையளே இதிலதான் புள்ளியை விடுறவை. காரணம் என்னண்டால் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கினா வகையின்ர பேர்தான் மனசில நிக்கும், சமன்பாட்டைப் பாக்கேக்கை கண் எங்க போகவேணும் எண்டு அது சொல்லித் தராது. நான் பிள்ளையளுக்கு முதல் சொல்லுறது மூண்டே மூண்டு பார்வைதான். அம்புக்குறிக்கு இடப்பக்கம் எத்தினை பொருள் நிக்குது, வலப்பக்கம் எத்தினை பொருள் நிக்குது, அதுக்குள்ள தனிய நிக்கிற மூலகம் (ஒரே வகை அணு மட்டும் உள்ள பொருள்) ஏதும் இருக்கோ. பொருளின்ர பேர் பழக்கமோ புதுசோ எண்டு யோசிக்கவே வேண்டாம், முதல் எண்ணுங்கோ. நான் இதில சமன்பாட்டைச் சொல்லில எழுதிக்கொண்டு போறன், நீங்கள் பக்கத்தில ஒரு கொப்பியை வச்சுக் குறியீட்டில எழுதிச் சமப்படுத்திக்கொண்டு வாங்கோ, அப்பதான் கைக்கு வரும்.

எங்கட ஊர்க் கல்லில இருந்தே தொடங்குவம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லுக்கு மேலதான் இருக்குது, காங்கேசன்துறையில 1950இல சீமெந்துத் தொழிற்சாலை வந்ததும் அந்தக் கல்லை நம்பித்தான். சுண்ணக்கல்லு எண்டால் கல்சியம் காபனேற்று. அதைச் சூளையில போட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால்

கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு

இடப்பக்கம் ஒராள், வலப்பக்கம் ரெண்டு பேர். ஒண்டு உடைஞ்சு கனக்க ஆனால் பிரிகை, அவ்வளவுதான். இதில கனபேர் விடுற பிழை என்னண்டால், பிரிகை எண்டால் மூலகங்களாய்த்தான் பிரியவேணும் எண்டு நினைக்கிறது. இஞ்ச பாருங்கோ, வந்த ரெண்டும் சேர்வை (வேறை வேறை மூலகம் இணைஞ்ச பொருள்), ஒரு மூலகம்கூட வெளியில வரேல்லை, எண்டாலும் பிரிகைதான். வலப்பக்கம் வந்தது மூலகமோ சேர்வையோ எண்டது கணக்கில்லை, இடப்பக்கம் ஒண்டே ஒண்டு நிண்டுதோ எண்டதுதான் கணக்கு.

சூளையில இருந்து வந்த அந்தச் சுட்ட சுண்ணாம்புக்குத் தண்ணி தெளிச்சு நீத்துறதைப் பாத்திருப்பியள், இல்லாட்டி அம்மம்மாவைக் கேளுங்கோ சொல்லுவா, சீறிக்கொண்டு ஆவி கிளம்பும், சட்டி கைவைக்கேலாத சூடாகும். (கண்ணில தெறிச்சால் பார்வைக்கே ஆபத்து, ஆரும் விளையாட்டுக்குச் செய்யாதேங்கோ.)

கல்சியம் ஒட்சைட்டு + நீர் → கல்சியம் ஐதரொட்சைட்டு

ரெண்டு பேர் வந்து ஒராளாய்ப் போச்சினம். சேர்க்கை. இதிலயும் அதே பிழைதான் மறுபக்கத்தால வரும், ரெண்டு மூலகம் சேர்ந்தால்தான் சேர்க்கை எண்டு நினைச்சு, "சேர் இதில ரெண்டும் சேர்வையெல்லோ" எண்டு கேப்பினம். மகனீசியம் நாடா ஒட்சிசனில எரிஞ்சு மகனீசியம் ஒட்சைட்டு ஆகிறது மூலகமும் மூலகமும் சேர்ற சேர்க்கை, சுண்ணாம்பு நீறுறது சேர்வையும் சேர்வையும் சேர்ற சேர்க்கை, கந்தகவீரொட்சைட்டு ஒட்சிசனோட சேர்ந்து கந்தகமூவொட்சைட்டு ஆகிறது சேர்வையும் மூலகமும் சேர்ற சேர்க்கை. மூண்டுக்கும் பொது என்னண்டால் வலப்பக்கம் ஒண்டே ஒண்டு நிக்கிறது.

இப்ப இந்தக் கல்லை விடாமல் இன்னுமொரு எட்டு வைப்பம், ஏனெண்டால் சேர்க்கையும் பிரிகையும் ஒண்டை ஒண்டு திருப்பிப் போட்ட மாதிரி எண்டதை எங்கட வீட்டுக் கிணறே காட்டும். மழைத்தண்ணி காத்திலயும் மண்ணிலயும் இருக்கிற காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு சுண்ணக்கல்லுக்குள்ளால கீழ இறங்கேக்கை

கல்சியம் காபனேற்று + நீர் + காபனீரொட்சைட்டு → கல்சியம் இருகாபனேற்று

மூண்டு பேர் சேர்ந்து ஒராள், அதுவும் தண்ணியில கரையிற ஆள். புத்தூரில நிலாவரைக் கிணறு இருக்கெல்லோ, அடி தெரியாத கிணறு எண்டு சின்னனில எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவினம், அது மாதிரி நிலத்துக்குக் கீழ குகையும் பள்ளமும் உண்டாகிறது இந்தத் தாக்கம் மெல்ல மெல்லக் கல்லைக் கரைச்சுக்கொண்டு போறதாலதான். பேந்து அதே தண்ணியைக் கிணத்தில அள்ளிக்கொண்டு வந்து கேத்திலில கொதிக்க வைக்கிறம், அப்ப என்ன நடக்குது?

கல்சியம் இருகாபனேற்று → கல்சியம் காபனேற்று + நீர் + காபனீரொட்சைட்டு

கேத்திலுக்குள்ள வெள்ளையாய்ப் படியிதே, கரண்டியால சுரண்டினாலும் போகாத அந்தப் படை, அது கரைஞ்சு போன கல்லுத் திரும்பி வந்ததுதான். ஒராள் மூண்டு பேராய்ப் பிரிஞ்சுது, பிரிகை. நிலத்துக்குக் கீழ சேர்க்கை, அடுப்புக்கு மேல பிரிகை. நான் முதன்முதல் இதை விளங்கின நாள் எனக்கு இப்பவும் ஞாபகம், அதுக்குப் பிறகு கேத்திலைப் பாக்கிற பார்வையே மாறிப்போச்சு. பேப்பரில சேர்க்கையையும் பிரிகையையும் மாறி எழுதுற பிள்ளையளுக்கு இந்தச் சோடியைத்தான் சொல்லிக்குடுக்கிறனான்.

பிரிகையில இன்னும் ரெண்டு இடத்தில கவனம் வேணும். ஒண்டு ஊக்கி, அதாவது தாக்கத்தைக் கெதியாக்கிற பொருள். ஐதரசன் பேரொட்சைட்டுக்குள்ள கொஞ்சம் மங்கனீசீரொட்சைட்டுப் போட்டால் நுரைச்சுக்கொண்டு ஒட்சிசன் வரும், தணற்குச்சியைப் பிடிச்சால் பக்கெண்டு பத்தும். பிள்ளையள் பாக்கிறது "ரெண்டு பொருள் போட்டம்" எண்டு, அதால பிரிகை எண்டு எழுதப் பயப்பிடுவினம். மங்கனீசீரொட்சைட்டு ஊக்கி மட்டும்தான், தாக்கம் முடிய அது அப்பிடியே மிஞ்சும், சமன்பாட்டில அம்புக்குறிக்கு மேலதான் அதுக்கு இடம். ஆகவே குழாய்க்குள்ள என்ன போட்டம் எண்டு எண்ணாமல் சமன்பாட்டின்ர இடப்பக்கத்தில என்ன நிக்குது எண்டு எண்ணுங்கோ. ரெண்டாவது, பிரிகை எண்டால் எப்பவும் சூடாக்கித்தான் நடக்கவேணும் எண்டில்லை. பொற்றாசியம் பரமங்கனேற்றைச் சூடாக்கி ஒட்சிசன் எடுக்கிறம், சரி, ஆனா தண்ணியை மின்னால பிரிக்கிறம், வெள்ளிக் குளோரைட்டை வெயிலில வைக்க ஒளியாலயே பிரிஞ்சு கறுக்கும், முந்தி ஸ்ரூடியோவில கறுப்பு வெள்ளைப் படம் பிடிச்சதும் வெள்ளிப்புரோமைட்டில ஒளி பட்டு நடக்கிற இதே மாதிரியான மாற்றத்தை வச்சுத்தான்.

அடுத்தது ஒற்றை இடப்பெயர்ச்சி. இதுக்கு எனக்கு அப்பாவின்ர வாளிதான் பாடப்புத்தகம். உரும்பிராய்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைக் கொடி நிண்டது, மாரி காலத்தில இலையின்ர அடிப்பக்கம் வெள்ளையாய்ப் பூத்துக்கொண்டு பங்கசு நோய் வரும், அதுக்கு அப்பா போர்டோக் கலவை அடிப்பார். நீலக் கல்லு மாதிரி கடையில விக்கிற செப்பு சல்பேற்றைத் தண்ணியில கரைச்சு, வேறையாய்க் கரைச்ச சுண்ணாம்புத் தண்ணியோட கலக்கிறது. ஒருநாள் பிளாஸ்ரிக் வாளி வெடிச்சுப் போச்செண்டு நாகம் (துத்தநாகம்) பூசின இரும்பு வாளியில செப்பு சல்பேற்றைக் கரைச்சு வச்சிட்டு, ஆரோ கூப்பிடப் போய் அடுத்தநாள்தான் வந்து பாத்தார். தண்ணியின்ர நீலம் வெளிறிப் போய்க் கிடக்குது, வாளியின்ர உள்பக்கம் முழுக்கச் செங்கபில நிறத்தில படை, அடியில ஒரு இடத்தில ஒழுகத் தொடங்கியிட்டுது. அப்பாவுக்கு வாளி போன கவலை, எனக்கு அந்தச் செங்கபிலம் என்னண்டு அறியிற ஆசை.

நாகம் + செப்பு சல்பேற்று → நாக சல்பேற்று + செம்பு

இடப்பக்கம் ரெண்டு, வலப்பக்கம் ரெண்டு. இப்ப மூண்டாவது பார்வை, தனிய நிக்கிற மூலகம் இருக்கோ? இருக்கு, இடப்பக்கம் நாகம் தனிய, வலப்பக்கம் செம்பு தனிய. தனிய நிண்ட ஆள் உள்ளுக்கை போய், உள்ளுக்கை இருந்த ஆளை வெளியில தள்ளினது. அதுதான் ஒற்றை இடப்பெயர்ச்சி. நாகப் பூச்சுத் தேய்ஞ்ச பிறகு உள்ளுக்குள்ள இருந்த இரும்பும் அதே மாதிரிச் செம்பைத் தள்ளும், அதாலதான் வாளி ஒழுகினது.

ஆனா ஆரும் ஆரையும் தள்ளேலாது, அதுக்கெண்டு ஒரு வரிசை இருக்கு. பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, வெள்ளீயம், ஈயம், ஐதரசன், செம்பு, இரசம் (பாதரசம்), வெள்ளி, பிளாத்தினம், பொன். மேல நிக்கிறவர் கீழ நிக்கிறவரைச் சேர்வையில இருந்து தள்ளுவார், கீழ நிக்கிறவர் மேல நிக்கிறவரை அசைக்கவும் ஏலாது. பேப்பரில "செம்பை நாக சல்பேற்றுக் கரைசலுக்குள்ள போட்டால் அவதானம் என்ன" எண்டு கேட்டால் தாக்கம் நடக்காது, மாற்றம் ஒண்டும் இல்லை எண்டதுதான் விடை, சமன்பாடு ஒண்டைக் கற்பனையில எழுதிப்போடாதேங்கோ. ஐதரசன் உலோகமில்லை எண்டாலும் அதை ஏன் வரிசைக்கு நடுவில வச்சிருக்கு எண்டால், ஐதான அமிலத்தில இருந்து ஐதரசனைத் தள்ளுற உலோகம் எது, தள்ளாத உலோகம் எது எண்டு அதில கோடு கீறலாம். மகனீசியத்தை ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்துக்குள்ள போட்டால் ஐதரசன் குமிழி வரும், செம்பைப் போட்டால் சும்மா கிடக்கும். சோடியம் தண்ணியில மிதந்து ஓடுறதும் ஒற்றை இடப்பெயர்ச்சிதான், தண்ணியை ஐதரசனும் ஐதரொட்சைட்டும் சேர்ந்த ஆளாய்ப் பாத்தால் விளங்கும், சோடியம் ஒரு ஐதரசனைத் தள்ளிப்போட்டு அந்த இடத்தில குந்துது.

நகைவேலை செய்யிற ஆக்களுக்கு இது தொழில். பழைய நகையில பொன்னைப் பிரிக்க நைத்திரிக் அமிலம் விட்டால் வெள்ளி கரைசலுக்குள்ள போயிடும், அந்தக் கரைசலுக்குள்ள செப்புத் தகட்டைப் போட்டு வச்சால் செம்பு உள்ளுக்கை போய் வெள்ளி சாம்பல் நிறப் பொடியாய் வெளியில வரும். ஒரு சொட்டு வெள்ளிகூட வீணாகாது. ஆனா கவனம், அதே நைத்திரிக் அமிலத்துக்குள்ள செம்பு கரையிறதை ஒற்றை இடப்பெயர்ச்சி எண்டு எழுதேலாது, அதில ஐதரசன் வாறேல்லை, கபில நிறப் புகைதான் வரும், நைத்திரிக் அமிலம் ஒட்சியேற்றுற அமிலம், அது வேறை கதை, உயர்தரத்தில படிப்பியள்.

தண்டவாளம் ஒட்ட உலகம் முழுக்கப் பாவிக்கிற தேர்மிற்றுத் தாக்கமும் இந்த வகைதான். அலுமினியப் பொடியையும் இரும்பொட்சைட்டையும் கலந்து பத்தவைச்சால் அலுமினியம் ஒட்சிசனைப் பறிச்சுக்கொண்டு இரும்பை உருகின நிலையில வெளியில விடும், வெப்பநிலை 2000 பாகை செல்சியசுக்கு மேல போகும். கரைசல் இல்லை, தண்ணி இல்லை, ஆனா தனிய நிண்ட ஒராள் உள்ளுக்கை போய் இன்னொராள் தனிய வந்திட்டார். அது போதும்.

இப்ப அப்பாவின்ர கலவைக்குத் திரும்புவம், ஏனெண்டால் நாலாவது வகையும் அதே வாளிக்குள்ளதான் இருக்குது. செப்பு சல்பேற்றுக் கரைசலையும் சுண்ணாம்புத் தண்ணியையும் கலந்தால்

செப்பு சல்பேற்று + கல்சியம் ஐதரொட்சைட்டு → செப்பு ஐதரொட்சைட்டு + கல்சியம் சல்பேற்று

ரெண்டு வந்து ரெண்டு போகுது, ஆனா தனிய நிக்கிற மூலகம் எந்தப் பக்கமும் இல்லை. செம்பும் கல்சியமும் சோடி மாறியிட்டினம். இரட்டை இடப்பெயர்ச்சி. தெளிஞ்ச நீலம் போய்க் குழம்பு மாதிரி வெளிர்நீல வீழ்படிவு வரும், இலையில ஒட்டிக்கொண்டு நிண்டு பங்கசைக் கொல்லுறது அந்தச் செப்புச் சேர்வைதான். (உண்மையில கலவைக்குள்ள இதைவிடச் சிக்கலான செப்புச் சேர்வையளும் உண்டாகும், சாதாரண தரத்துக்கு நான் இப்ப எழுதின சமன்பாடே போதும்.) 1885இல பிரான்சில போர்டோப் பல்கலைக்கழகத்தில தாவரவியல் படிப்பிச்ச மில்லார்டே எண்டவர்தான் இதை உலகத்துக்குச் சொன்னவர். றோட்டோரத் தோட்டத்தில ஆக்கள் பழம் பிடுங்காமல் இருக்கவெண்டு செம்பும் சுண்ணாம்பும் பூசின கொடியளுக்கு நோய் வராமல் இருந்ததை அவர் கண்டுதான் ஆராயத் தொடங்கினவர். ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ செப்பு சல்பேற்று, 1 கிலோ சுண்ணாம்பு, 100 லீற்றர் தண்ணி எண்டது தோட்டக்காரருக்குப் பாடம்.

இதில எனக்கு மிகவும் பிடிச்ச விசயம் என்னண்டால், கலவை சரியோ எண்டு அப்பா பாக்கிற விதம். மினுக்கின கத்தி நுனியைக் கலவைக்குள்ள கொஞ்ச நேரம் பிடிச்சுப்போட்டு எடுத்துப் பாப்பார். கத்தியில செங்கபிலம் படிஞ்சால் சுண்ணாம்பு காணாது எண்டு இன்னும் கொஞ்சம் விடுவார், படியாட்டில் சரி எண்டு அடிக்கக் கொண்டு போவார். யோசிச்சுப் பாருங்கோ தங்கச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி முழுக்க முடிஞ்சுதோ எண்டதை ஒற்றை இடப்பெயர்ச்சி ஒண்டை வச்சுப் பரிசோதிக்கிறார். மிச்சமாய்க் கரைசலில செம்பு நிண்டால் கத்தியின்ர இரும்பு அதைத் தள்ளும், அந்தச் செம்பு கத்தியில படியும். மிஞ்சின செம்பு இலையையே கருக்கிப்போடும், அதாலதான் அந்தக் கவனம். எட்டாம் வகுப்போட படிப்பை விட்ட மனிசன், இரசாயனத்தின்ர பேர் ஒண்டும் தெரியாது, ஆனா தாக்கத்தின்ர குணம் கையில இருந்தது. எனக்கு இந்தப் பாடத்தில ஆசை வந்தது அந்தக் கத்தி நுனியாலதான்.

இரட்டை இடப்பெயர்ச்சியில பிள்ளையள் மறக்கிற விசயம், சோடி மாத்தி எழுதினால் மட்டும் தாக்கம் நடந்ததாய் ஆகாது. சோடியம் குளோரைட்டுக் கரைசலையும் பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலையும் கலந்தால் கடதாசியில வடிவாய்ச் சோடி மாத்தலாம், ஆனா முகவைக்குள்ள நாலு அயனும் (மின்னேற்றம் உள்ள துகள்) முந்தி மாதிரியே நீந்திக்கொண்டு திரியும், ஒண்டும் நடக்கேல்லை. நடந்தது எண்டு சொல்ல ஏதாவது ஒண்டு கரைசலை விட்டு விலகவேணும். வீழ்படிவாய் அடியில போகவேணும், இல்லாட்டி வாயுவாய் மேல போகவேணும், இல்லாட்டி தண்ணியாய்ச் சேர்ந்துபோகவேணும். வெள்ளி நைத்திரேற்றோட உப்புக்கரைசல் வெள்ளை வீழ்படிவு, பேரியம் குளோரைட்டோட சோடியம் சல்பேற்று வெள்ளை வீழ்படிவு, ஈய நைத்திரேற்றோட பொற்றாசியம் அயடைட்டு நல்ல மஞ்சள், இந்த மூண்டு நிறமும் பாடமாய் இருக்கட்டும்.

தண்ணி வாற வகைக்கு வீட்டிலயே உதாரணம் கிடக்குது. குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கிறம். கறுத்துப்போன மேல்பூச்சில செப்பொட்சைட்டு இருக்கு, புளியில தாத்தாரிக் அமிலம் இருக்கு, அமிலமும் உலோக ஒட்சைட்டும் சேர்ந்து உப்பும் நீரும். இரட்டை இடப்பெயர்ச்சி. அமிலமும் காரமும் நடுநிலையாகிறதும் அதே வடிவம்தான், உப்பும் நீரும். விளக்கு ஏன் குமிழி விடேல்லை எண்டு ஒரு பிள்ளை கேட்டவள், அருமையான கேள்வி, செம்பு ஐதரசனுக்குக் கீழ நிக்கிறதால புளியின்ர அமிலத்தில இருந்து ஐதரசனைத் தள்ளேலாது, அழுக்காய் நிண்ட ஒட்சைட்டு மட்டும்தான் போகும், அதாலதான் புளி போட்டு மினுக்கினாலும் எங்கட விளக்குத் தலைமுறைக்கு நிக்குது.

சரி, உங்கட ரெண்டு கேள்விக்கும் வாறன். முதல், எரியிறது. நாங்கள் படிச்ச காலம் 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த காலம், மண்ணெண்ணெய் கிடைக்கிறதே அருமை, ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டுச் சின்னத் திரி வச்ச விளக்கிலதான் இந்த நாலு வகையையும் எழுதிப் படிச்சம். அந்த மண்ணெண்ணெய் எரியேக்கை

ஐதரோக்காபன் + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர்

வலப்பக்கம் ரெண்டு நிக்குது, ஆகவே சேர்க்கை இல்லை. இடப்பக்கம் தனிய மூலகம் இருந்தும் வலப்பக்கம் தனிய ஒருத்தரும் வரேல்லை, ஒற்றை இடப்பெயர்ச்சியும் இல்லை. இது அந்த நாலுக்குள்ளயும் அடங்காது, தகனம் எண்டுதான் சொல்லவேணும். (காத்துக் காணாட்டில் கறுப்புப் புகையும் வரும், எங்கட மூக்குக்குள்ள விடிய விடிய இருந்த கரி அதுதான்.) ஆனா மகனீசியம் எரியிறது, கந்தகம் எரியிறது, காபன் நல்லாய் எரியிறது எல்லாம் தகனமும்தான் சேர்க்கையும்தான். ஒரு ஆளுக்கு ரெண்டு பேர் எப்பிடி எண்டு கேப்பியள். ஏனெண்டால் ரெண்டு பேரும் ரெண்டு வேறை கேள்விக்கு விடை. சேர்க்கை, பிரிகை, இடப்பெயர்ச்சி எண்டது "அணுக்கள் ஆரை விட்டு ஆரோட சேர்ந்துது" எண்ட கேள்விக்கு விடை. தகனம் எண்டது "ஒட்சிசனோட சேர்ந்து வெப்பமும் வெளிச்சமும் விட்டுதோ" எண்ட கேள்விக்கு. புறவெப்பம், அகவெப்பம் எண்டது சூடு வந்துதோ போச்சுதோ எண்டதுக்கு. ஒட்சியேற்றம் தாழ்த்தல் எண்டது இலத்திரன் கை மாறிச்சுதோ எண்டதுக்கு. ஒராளைப் பாத்து எந்த ஊர் எண்டு கேட்டால் சாவகச்சேரி எண்டும், என்ன வேலை எண்டு கேட்டால் ரீச்சர் எண்டும் சொல்லுவினம், ரெண்டும் ஒண்டோடை ஒண்டு அடிபடாது. கேள்வித்தாளில என்ன கேக்கினம் எண்டதை முதல் வாசியுங்கோ, அரைவாசிக் குழப்பம் அதில தீரும்.

இலத்திரன் கை மாறினதைப் பிடிக்க லேசான வழி ஒண்டு, தனி மூலகமாய் ஒரு பக்கம் நிண்ட ஆள் மற்றப் பக்கம் சேர்வைக்குள்ள போயிருந்தால் ஒட்சியேற்ற தாழ்த்தல்தான். அதால ஒற்றை இடப்பெயர்ச்சி எல்லாம் அதுக்குள்ள வரும், சோடி மட்டும் மாறுற இரட்டை இடப்பெயர்ச்சி வராது. சேர்க்கையும் பிரிகையும் சிலது வரும் சிலது வராது, மகனீசியம் எரியிறது வரும், சுண்ணாம்பு நீறுறது வராது.

ரெண்டாவது கேள்வி, சுண்ணாம்பு நீர். காபனீரொட்சைட்டு விட்டால் பால் மாதிரிக் கலங்கும்.

கல்சியம் ஐதரொட்சைட்டு + காபனீரொட்சைட்டு → கல்சியம் காபனேற்று + நீர்

ரெண்டுக்கு ரெண்டு, தனி மூலகம் இல்லை, ஆகவே இரட்டை இடப்பெயர்ச்சி எண்டு எழுதப் போவியள், ஆனா காபனீரொட்சைட்டில சோடி மாத்த ரெண்டு அயன் இல்லை. நேர்மையாய்ச் சொன்னால் நாலு பெட்டிக்குள்ளயும் இது நேராய்ப் போகாது, அமில ஒட்சைட்டும் அமிலத்தை நடுநிலையாக்கிற மூலமும் சேர்ந்து உப்பும் நீரும் தாற நடுநிலையாக்கம் எண்டு சொல்லுறதுதான் சரி. காபனீரொட்சைட்டு முதல் தண்ணியில கரைஞ்சு காபோனிக் அமிலம் ஆகுது, பேந்து அந்த அமிலம் சுண்ணாம்போட சோடி மாறுது எண்டு ரெண்டு படியாய் எழுதினால் முதல் படி சேர்க்கை, ரெண்டாம் படி இரட்டை இடப்பெயர்ச்சி, எல்லாம் ஒழுங்காய் வரும். வாயுவை நிப்பாட்டாமல் விட்டால் கலங்கினது திரும்பத் தெளியும், அது மேல சொன்ன நிலாவரைத் தாக்கம்.

இதோட சேர்த்து ஒண்டு, அமிலமும் காபனேற்றும். கேத்தில் படைக்கு வினாகிரி விட்டால் நுரைக்கும், விளைவாய் மூண்டு பொருள் வரும், கல்சியம் அசற்றேற்று, நீர், காபனீரொட்சைட்டு. மூண்டு வருதே, அப்ப என்ன வகை எண்டு எல்லாரும் தடக்குப்படுற இடம் இது. முதல் நடந்தது சோடி மாத்தல்தான், கல்சியம் அசற்றேற்றும் காபோனிக் அமிலமும் வந்தது. காபோனிக் அமிலம் அந்த அளவில நிண்டு பிடிக்காது, அடுத்த கணமே நீராயும் காபனீரொட்சைட்டாயும் உடையும். இரட்டை இடப்பெயர்ச்சி, அதுக்குப் பின்னால ஒரு பிரிகை. இண்டைக்குக் கேத்திலுக்குள்ள ரெண்டு கரண்டி வினாகிரி விட்டு, நுரைக்கிறதைப் பாத்துக்கொண்டு இந்த ரெண்டு சமன்பாட்டையும் குறியீட்டில எழுதிச் சமப்படுத்துங்கோ, எழுதினதை இஞ்ச போடுங்கோ, நான் பாத்துத் திருத்தி விடுறன்.